வாசற்படியில் வந்து நிற்கும் வசந்தம்

நம் பாரத நாட்டில் வசந்தம் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை, படிப்படியாக வருகிறது. கங்கைச் சமவெளியில் கடுகு வயல்கள் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் வேளையில், குளிர் இன்னும் முற்றிலும் விலகாத மாக மாதத்து வளர்பிறைப் பஞ்சமியன்று அதன் வரவு அறிவிக்கப்படுகிறது. வங்காளத்து இல்லங்களில் அன்று கலைமகள் வழிபாடு நிகழ்கிறது. அதுவரை இலந்தைப் பழத்தைத் தொடாமல் காத்திருந்த சிறுவர்கள், அன்னைக்குப் படைத்த பின்னரே அதை உண்கின்றனர். மழலைகளின் கையைப் பிடித்துச் சிலேட்டில் முதல் எழுத்தை எழுத வைக்கின்றனர். பால்குன மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி வண்ணப்பொடி தூவும் ஹோலி வருகிறது. சைத்திர மாதத்தின் முதல் நாளில் ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் ஆகிய பகுதிகளில் யுகாதி கொண்டாடப்படுகிறது. ஏப்ரல் மாத நடுவில் அஸ்ஸாமில் ரொங்காலி பிஹு. அதன் முதல் நாளில் மாடுகளை நீராட்டிச் சிறப்பிக்கின்றனர். மறுநாள் பெரியோரை வணங்கி, நெய்த துண்டை அன்புக் காணிக்கையாக அளிக்கின்றனர். அதே நாட்களில் தமிழ் இல்லங்களில் வேப்பம்பூவும் மாங்காய்ப் பச்சடியும் மணக்கின்றன.

இவற்றை ஒருசேர நோக்கும்போது ஓர் உண்மை புலப்படும். திருக்கோயில்களில் சிறப்பு வழிபாடுகள் நடைபெறினும், இவ்விழாக்கள் பெரும்பாலும் உயிர்பெறுவது சாதாரண மனிதரின் வீட்டில்தான். சமையலறை, திண்ணை, பாட்டியின் மடி, நண்பர்கள் வந்து அமரும் கூடம் ஆகியவையே இவற்றின் களம். வசந்தம் காட்டில் பூக்கிறது. ஆனால் மனிதனிடம் அது வாசற்படி வழியாகவே வருகிறது.

இங்கே அன்பர்கள் பலரின் உள்ளத்தில் இரண்டு கேள்விகள் எழுவதுண்டு. இறைநெறியில் செல்ல விழைபவர் இத்தகைய சிறிய இன்பங்களில் மனத்தைச் செலுத்தலாமா என்பது முதற்கேள்வி. அன்புக்குரிய ஒருவரை இழந்து வாடும் வீடு வசந்தத்தை எவ்வாறு எதிர்கொள்வது என்பது இரண்டாவது. முதற்கேள்வி அறிவில் எழுவது. இரண்டாவது கண்ணீரில் எழுவது. இவ்விரண்டிற்கும் விடை ஒன்றே என்பதைச் சிந்திப்போம்.

இன்பத்தை மறுக்காத உபநிடதம்

தைத்திரீய உபநிடதம் இன்பத்தை ஆராயப் புகும்போது தேவலோகத்திலிருந்து தொடங்கவில்லை, மனிதனிடமிருந்தே தொடங்குகிறது. நல்லொழுக்கமும் கல்வியும் உடல் வலிமையும் உடைய ஓர் இளைஞன். செல்வம் நிறைந்த இவ்வுலகம் முழுவதும் அவனுக்கு உரியது. அவன் அடையும் இன்பத்தை மனித இன்பத்தின் ஓர் அளவாகக் கொள்கிறது அவ்வுபநிடதம். பிறகு படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் நூறு மடங்காக அதனைப் பெருக்கிக்கொண்டு சென்று, பிரம்மானந்தத்தில் நிறைவு செய்கிறது. கீழ்ப்படியிலுள்ள இன்பம் பொய் என்று அது தள்ளிவிடவில்லை என்பதை நாம் கருத்தில் கொள்ளவேண்டும். துளியும் கடலும் அளவில் வேறானவை; தன்மையில் இரண்டும் நீரே.

அவ்விடத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. மனித நிலைக்கு மேற்பட்ட ஒவ்வொரு படியையும் கூறும்போது, வேதத்தை அறிந்து ஆசையால் தாக்கப்படாதவனுக்கும் அவ்வின்பம் உண்டு என்று உபநிடதம் திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறது. அதாவது, இன்பத்தைப் பெருக்குவது பொருள்களின் பெருக்கம் அன்று. ஆசையின் ஒடுக்கமே ஆகும்.

இதை நம் இல்லத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். யுகாதியன்று போளி தட்டும் தாயைக் கவனியுங்கள். சூடான போளியைப் பிள்ளைகளுக்கும் விருந்தினருக்கும் மாறி மாறி இட்டுவிட்டு, ஆறிப்போன கடைசிப் போளியை அவள் உண்கிறாள். அன்று மிகுதியாக மகிழ்ந்தவர் யார்? முதலில் உண்டவர்கள் நாவால் மகிழ்ந்தார்கள். அவளோ நெஞ்சம் நிறைந்து மகிழ்ந்தாள். அந்தச் சில நாழிகைகளில் ‘நான்’, ‘எனக்கு’ என்னும் எண்ணம் அவளிடம் தலைதூக்கவே இல்லை. ஆசை ஒடுங்கிய இடத்தில் ஆனந்தம் பெருகும் என்னும் மறைமொழிக்கு அடுப்பங்கரையே சான்றாகி நிற்கிறது.

ஆகவே முதற்கேள்விக்கு விடை தெளிவாகிறது. இல்லத்து மகிழ்ச்சி இறைநெறிக்குத் தடையன்று. அதைத் தன் கைக்குள் இறுக மூடிக்கொள்ளும் ஆசையே தடை.

பற்று வேறு, அன்பு வேறு

பால்குனப் பௌர்ணமிக்கு மற்றொரு பெருமையும் உண்டு. 1486-ஆம் ஆண்டு அந்நாளில்தான் நவத்வீபத்தில் ஸ்ரீ சைதன்யர் அவதரித்தார். இருபத்து நான்காம் வயதில் அவர் துறவு ஏற்றார். துறவி தன் இல்லத்திற்குத் திரும்புவதில்லை. ஆனால் அவர் அன்னையை மறந்துவிடவில்லை. மகனைப் பற்றிய செய்தியேனும் அவ்வப்போது தன் செவிக்கு எட்டவேண்டும் என்பது அன்னை சசிதேவியின் விருப்பம். ஆகவே, வங்கத்து அடியார்கள் போய்வரக்கூடிய பூரி ஜகந்நாத க்ஷேத்திரத்திலேயே அவர் தங்கினார் என்று வைணவ வரலாறு கூறுகிறது. ஜகந்நாதரின் பிரசாதத்தை அடியார்கள் வாயிலாக அன்னைக்கு அனுப்பி வைப்பதும் அவரது வழக்கமாக இருந்தது.

துறவு என்பது அன்பைத் துறப்பது அன்று; அன்பிலுள்ள பிடிவாதத்தைத் துறப்பது. இது துறவிக்கு மட்டும் உரிய பாடமா? இல்லறத்தாருக்கு இதுவே இன்னும் நெருக்கமான பாடம். மணமாகிச் செல்லும் மகள், வேலை தேடி வெளியூர் செல்லும் மகன், மறைந்துபோன முதியோர் என எவரையும் நாம் கையைப் பிடித்து நிறுத்திவிட முடியாது. பிடியைத் தளர்த்தியும் அன்பைத் தளர்த்தாமல் வாழக் கற்பவரே இல்லறத்திலிருந்தபடி துறவின் சாரத்தைப் பெறுகின்றனர்.

எல்லா வாசல்களுக்கும் பூ

பற்று அன்பாக மலர்ந்துவிட்டது என்பதை எவ்வாறு அறிவது? உத்தராகண்டத்துக் குழந்தைகள் அதற்கு விடை சொல்கின்றனர்.

அம்மலைநாட்டில் சைத்திர சங்கராந்தியன்று, அதாவது நமது பங்குனி மாதப் பிறப்பை ஒட்டி, ‘பூல் தேயி’ என்னும் விழா நடைபெறுகிறது. சிறுவர் சிறுமியர் விடியற்காலையில் எழுந்து, காட்டிலும் மேட்டிலும் மலர்ந்திருக்கும் புதுப்பூக்களைப் பறித்துக் கூடையில் நிரப்புகின்றனர். மலைச்சரிவுகளைச் சிவக்கச் செய்யும் புரான்ஷ் மலரும், பியோலி என்னும் மஞ்சள் மலரும் அவற்றுள் இருக்கும். பின்னர் ஊரிலுள்ள வீடுவீடாகச் சென்று, ஒவ்வொரு வாசற்படியிலும் பூவை இட்டு, அவ்வீடு செழிக்கவேண்டும் என்று வாழ்த்திப் பாடுகின்றனர். வீட்டார் அவர்களுக்கு அரிசியும் வெல்லமும் காசும் அளிக்கின்றனர்.

அக்குழந்தைகள் கையிலுள்ள மலர் வாசற்படிக்கு வாசற்படி வேற்றுமை பார்ப்பதில்லை. இவர் நம் உறவினர், அவர் நேற்று நம்மோடு சண்டையிட்டவர் என்னும் கணக்கு அவர்களிடம் இல்லை. பகவத்கீதையின் பத்தாம் அத்தியாயத்தில், பருவங்களுள் மலர் நிறைந்த வசந்தமாக விளங்குபவன் தானே என்று கண்ணன் அருளுகிறான். வசந்தம் அவனது வடிவம் என்றால், அது எந்த வாசலைத் தவிர்க்க முடியும்?

உத்தராகண்டத்தின் குமாவூன் பகுதியில் மற்றொரு வழக்கம் உண்டு. பௌஷ மாதத்துக் கடுங்குளிரிலேயே ஹோலிப் பாடல்கள் அங்கே தொடங்கிவிடுகின்றன. ஆர்மோனியத்தோடும் தபலாவோடும் நண்பர்கள் மாலை வேளைகளில் ஒரு வீட்டில் கூடி, இராகம் தாளம் வழுவாமல் பாடுகின்றனர். தொடக்க வாரங்களில் பக்தியையும் பற்றின்மையையும் பேசும் பாடல்கள். வசந்த பஞ்சமி கடந்த பிறகு வண்ணமும் விளையாட்டும் நிறைந்த பாடல்கள். பற்றின்மையைப் பாடிய அதே நாவே பின்னர் குதூகலத்தையும் பாடுகிறது. முதலில் மனம் பண்பட்டதால் குதூகலமும் தூய்மை பெறுகிறது. மகிழ்ச்சிக்கு முன் வழிபாடு என்னும் ஒழுங்கை நம் முன்னோர் வகுத்ததன் கருத்து இதுவே.

துக்க வீட்டிற்கு வரும் வண்ணம்

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். இதனை மெல்லிய உள்ளத்தோடு அணுகவேண்டும். ஒருவர் மறைந்த வீட்டில் ஓராண்டுக் காலம் பண்டிகை கொண்டாடாமலிருப்பது நம்மிடையே உள்ள வழக்கம். துயரத்திற்கு அதற்குரிய காலத்தை அளிக்கும் நல்ல வழக்கம் அது. ஆயினும் சில வேளைகளில், துயருற்றவர் தாமே தம்மைச் சிறைப்படுத்திக்கொள்கின்றனர். ‘அவர் இல்லாதபோது நான் சிரிப்பது துரோகம் அல்லவா?’ என்னும் எண்ணம் அவர்கள் நெஞ்சை அரிக்கிறது. ஊராரும், அவர்களது துக்கத்தைக் கலைக்க வேண்டாம் என்று கருதி, அவ்வாசலைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். மரியாதை என்று நாம் எண்ணுவது அவர்களுக்குத் தனிமையாகிவிடுகிறது.

வட இந்தியாவின் பல ஊர்களில் இதற்கு ஓர் அரிய மருந்து உண்டு. ஒருவர் மறைந்த பிறகு வரும் முதல் ஹோலியன்று, உறவினரும் அண்டை வீட்டாரும் முதலில் அத்துக்க வீட்டிற்குச் செல்கின்றனர். ஆரவாரம் இல்லை. துயருற்றவரின் நெற்றியில் சிறிதளவு வண்ணப்பொடியை இட்டு, அவரோடு சற்று நேரம் அமர்ந்திருந்து திரும்புகின்றனர். ‘உங்கள் துயரம் எங்களுக்குத் தெரியும்; ஆயினும் வசந்தம் உங்களுக்கும் உரியது’ என்பதே அந்த ஒரு சிட்டிகைப் பொடியின் பொருள்.

தில்லியில் ஹஸரத் நிஜாமுத்தீன் தர்காவில் வசந்த விழா கொண்டாடப்படுவதற்கும் இத்தகைய ஒரு வரலாறு மரபுவழிக் கூறப்படுகிறது. தம் அன்புக்குரிய சகோதரி மகனை இழந்த மகான் நிஜாமுத்தீன் அவுலியா, துயரத்தில் ஆழ்ந்து புன்னகையையே மறந்திருந்தார். அவருடைய சீடரான கவிஞர் அமீர் குஸ்ரோ ஒருநாள், கடுகு மலர்களை ஏந்தி மஞ்சள் ஆடையில் ஆடிப்பாடிச் செல்லும் பெண்களைக் கண்டார். தாமும் மஞ்சள் உடுத்து, கடுகு மலர்களை ஏந்தி, பாடிக்கொண்டு குருவின் முன் வந்து நின்றார். நெடுநாட்களுக்குப் பின் குருவின் முகத்தில் புன்னகை மலர்ந்தது. குஸ்ரோ தத்துவம் பேசவில்லை. மரணத்தைப் பற்றி விளக்கவில்லை. மலரோடு வந்து நின்றார். அதுவே போதுமானதாக இருந்தது.

ஒருவருடைய துயரம் ஓராண்டில் முடிந்துவிடலாம். ஆனால் வாழ்நாள் முழுவதும் பண்டிகைகளிலிருந்து விலக்கி வைக்கப்பட்டவர்களும் நம் சமுதாயத்தில் இருந்திருக்கின்றனர். கண்ணன் வண்ணம் விளையாடிய பிருந்தாவனத்திலேயே, ஆயிரக்கணக்கான கைம்பெண்கள் நெடுங்காலம் வெள்ளாடையோடு ஓரத்தில் நின்று ஹோலியைப் பார்த்துக்கொண்டிருந்தனர். 2013-ஆம் ஆண்டில் அவர்கள் தங்கியிருந்த ஆசிரமத்தில் தாங்களே ஒருவர்மீது ஒருவர் வண்ணமும் மலரும் தூவி ஹோலி கொண்டாடினர். 2016-இல் பழைமை வாய்ந்த கோபிநாதர் ஆலயத்திலேயே அது நிகழ்ந்தது. வயது முதிர்ந்த அன்னையரின் வெள்ளாடையில் செம்பொடி படிந்த அந்தக் காட்சியைக் கண்ணன் மகிழாது இருப்பானா? மகிழ்ச்சியை ஒருவருக்கு மறுப்பதே அவனது வசந்தத்திற்கு நாம் இழைக்கும் குற்றம்.

இறந்தவரை நினைந்து வருந்துவது அன்பு. அவ்வன்பு அவரோடு முடிந்துவிடாமல் இருப்பவர்களிடம் பாயும்போது, அது வழிபாடாகிறது. பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் மைத்ரேயிக்கு உணர்த்தும் உண்மையும் இதுவே. கணவனோ மனைவியோ மக்களோ நமக்கு இனியவராவது, அவர்களுள் ஒளிரும் ஆன்மாவின் பொருட்டே என்கிறார் அவர். உடல் மறையலாம், நாம் உண்மையில் நேசித்த அந்த ஆன்மா மறைவதில்லை. அது அடுத்த வீட்டுக் குழந்தையின் முகத்திலும் நம்மை நோக்கிப் புன்னகைக்கிறது.

நாம் செய்யவேண்டியது

முன்னர்க் கூறிய தைத்திரீய உபநிடதத்தின் இறுதிப் பகுதியில், தந்தை வருணனிடம் கற்ற பிருகு, தவத்தால் படிப்படியாக உயர்ந்து, ஆனந்தமே பிரம்மம் என்று உணர்கிறான். அதன்பின் உபநிடதம் கூறுவது என்ன? உணவை இகழாதே, உணவைப் பெருக்கு, இல்லம் தேடி வந்த எவரையும் திருப்பி அனுப்பாதே என்னும் விரதங்களையே விதிக்கிறது. ஆனந்தத்தின் உச்சியைக் கண்ட ஞானம் மீண்டும் வாசற்படிக்கே வந்து, விருந்தினரை வரவேற்கிறது. மோந்தால் வாடும் அனிச்ச மலரையும்விட விருந்தினரின் உள்ளம் மெல்லியது என்று உணர்த்திய வள்ளுவரும் இதே வாசலில்தான் நின்றார்.

எனவே இவ்வசந்த காலத்தில் மூன்று செயல்களை நாம் மேற்கொள்ளலாம். முதலாவது, விழா நாளின் காலையில் ஆரவாரம் தொடங்கும் முன், குடும்பத்தினர் அனைவரும் விளக்கின் முன் சிறிது நேரம் மௌனமாக அமர்ந்து, இம்மகிழ்ச்சியின் ஊற்றை நினைத்தல். இரண்டாவது, சமைக்கும்போதே வெளியார் ஒருவருக்கும் சேர்த்துச் சமைத்தல். அவர் தனியே வாழும் முதியவராகவோ, வெளியூரிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளியாகவோ, நம்மோடு பேச்சை நிறுத்திக்கொண்ட உறவினராகவோ இருக்கலாம். மூன்றாவது, அவ்வாண்டு துயருற்ற வீடு ஒன்றுக்குச் சென்று, அறிவுரை ஏதும் கூறாமல், சற்று நேரம் உடனிருத்தல்.

அன்பர்களே, வேப்பம்பூவின் கசப்பும் வெல்லத்தின் இனிப்பும் ஒரே கிண்ணத்தில் கலந்திருப்பதை ஆண்டுதோறும் நாம் சுவைக்கிறோம். இனிப்பு நம் வீட்டிலும் கசப்பு அடுத்த வீட்டிலும் என்று இறைவன் பிரித்து வைக்கவில்லை. இரண்டையும் பகிர்ந்து உண்பதே இல்லறம். இரண்டிலும் அவனைக் காண்பதே ஞானம். நம் வாசலில் வந்து நிற்கும் வசந்தம் நம்மோடு நின்றுவிடாமல் எல்லா வாசல்களுக்கும் செல்ல, நம்மைக் கருவியாக்கிக்கொள்ளுமாறு எல்லாம் வல்ல இறைவனை வேண்டுவோமாக!