ஐயமும் தீர்ப்பும்

தென் கொரியாவின் ஹ்வாசொங் வட்டாரத்தில் 1986 முதல் 1991 வரை, சிறுமியர் உட்படப் பெண்கள் பதின்மர் கொலையுண்டனர். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை விசாரித்தும் கொலைஞன் அகப்படவில்லை. இதனைக் கருவாகக் கொண்டு போங் ஜூன் ஹோ என்னும் இயக்குநர் 2003-இல் ‘கொலையின் நினைவுகள்’ என்ற படத்தை எடுத்தார். அண்மையில் அதைக் குடும்பத்தோடு காண நேர்ந்தது.

சியோல் நகரிலிருந்து ஒரு துப்பறிவாளர் வருகிறார். அடித்து ஒப்புதல் வாங்கும் உள்ளூர்க் காவலரைக் கண்டு முகம் சுளிப்பவர். ஆவணங்கள் பொய்யுரையா என்பது அவர் கொள்கை. கொலை நிகழும் மழை இரவுகளில் வானொலியில் ஒரே பாட்டை விரும்பிக் கேட்கும் இளைஞன்மீது அவர் ஐயம் விழுகிறது. அமெரிக்காவிலிருந்து மரபணுச் சோதனை முடிவு வருகிறது: பொருந்தவில்லை. அதே மனிதர் அன்று அந்த ஆவணத்தைப் பொய்யென்கிறார். இரயில் குகையின் வாயிலில், கொட்டும் மழையில், துப்பாக்கியை நீட்டுகிறார்.

“அவன்தானே, வாப்பா?” என்றான் என் மகன்.

“அவனேதான்” என்றேன். சான்று பொருந்தவில்லையென்று சற்று முன்புதான் கண்டிருந்தேன். ஆயினும், மறைப்பானேன், துப்பாக்கி வெடிக்காதா என்றே என் உள்ளம் ஏங்கிற்று.

இந்த ஏக்கம் கொடிய நெஞ்சிலிருந்து பிறந்ததன்று. கொலையுண்ட பள்ளிச் சிறுமியின்பால் எழுந்த இரக்கமே அதன் தாய். என்னை அச்சுறுத்துவதும் அதுவே. பகையினால் வரும் அநீதியைக் கண்டவுடன் இனங்கண்டு கொள்கிறோம். இரக்கத்தினால் வருவதை நீதியென்றே எண்ணி விடுகிறோம்.

உண்மை வரலாறு படத்தைவிடக் கடுமையானது. 1988-இல் பதின்மூன்று வயதுச் சிறுமியொருத்தி கொல்லப்பட்டாள். இளம்பிள்ளை வாதத்தால் கால் ஊனமுற்ற, வேளாண் கருவிகளைப் பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவரைப் பிடித்தனர். உறங்கவிடாமல் விசாரித்து ஒப்புதல் பெற்றனர். முடிச் சோதனை அறிக்கையும் அவரையே சுட்டிற்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிலிருந்து 2009-இல் வெளிவந்தார். 2019-இலோ, மனைவியின் தங்கையைக் கொன்று ஆயுள் தண்டனை அனுபவித்து வந்த வேறொருவனை மரபணுச் சோதனை காட்டிக்கொடுத்தது. அச்சிறுமியைக் கொன்றதும் தானே என்றான் அவன். முன்னரே காவலரிடம் பலமுறை விசாரணைக்குள்ளாகித் தப்பியவன்! காவலர் தேடியது ‘பி’ வகைக் குருதி, அவனுடையது ‘ஓ’.

பலரைக் காக்கும் முயற்சியில் ஓர் அப்பாவி சிக்குவது தவிர்க்கவியலாதது என்பார் உண்டு. இங்கே யார் காக்கப்பட்டார்? அந்த இளைஞர் சிறையிலிருந்தபோதே 1990-இலும் 1991-இலும் கொலைகள் தொடர்ந்தன. இறந்த சிறுமிக்கும் நீதி கிட்டவில்லை. அவள் வழக்கு முடிந்ததென்று ஏட்டை மூடிவிட்டார்கள், அவ்வளவே.

2020-இல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது. அவ்விசாரணையில் சாட்சி சொல்ல வந்த உண்மைக் கொலைஞன், தானும் அப்படத்தைப் பார்த்ததாகவும் எவ்வுணர்வும் எழவில்லையென்றும் கூறினான்.

இவற்றையெல்லாம் படித்தறிந்தபின் மகனை அழைத்து, அன்று நான் சொன்னது தவறு என்றேன். முழுதும் கேட்டவன், “அந்த இருபது ஆண்டுகள், வாப்பா?” என்றான். அரசு இழப்பீடு கொடுத்தது என்றேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.