அழைப்பு மணி அடிக்காமல் வந்த குடித்தனக்காரர்

பிரிட்டனில் பழுப்பு நிற அஞ்சல் உறைக்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. ஜன்னல் வைத்த அந்த உறை, வேலை, ஓய்வூதியத் துறையிடமிருந்து வருவது. உதவித்தொகை வாங்குகிறவர்கள் அதைப் பிரிப்பதற்கு முன் ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். வாங்காதவர் வீட்டில் அது வந்து விழுந்தால் வேறு மாதிரிக் குழப்பம். வீட்டு எண் சரி, தெரு சரி, போஸ்ட்கோட் சரி. பெயர் மட்டும் யாரோ ஒருவருடையது.

முதல் கடிதத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முன்பு குடியிருந்தவருக்கு வந்திருக்கும் என்று ஜன்னலோரம் வைத்துவிடுவார்கள். அதே பெயரில் இரண்டாவது வரும், மூன்றாவது வரும், பிறகு ஒரு வங்கியின் உறை வரும். அப்போதுதான் உறைக்கும்: யாரோ ஒருவர் இந்த வீட்டில் தான் வசிப்பதாக அரசாங்கத்திடம் சொல்லி, பெனிபிட் கேட்டிருக்கிறார். வாடகை தராமல், சாவி வாங்காமல், காகிதத்தில் மட்டும் குடிவந்துவிட்டார்.

இதற்கு என்ன செய்வது என்பதைவிட, அந்தப் பெயர்க்காரரை என்னவென்று நினைப்பது என்பதுதான் கடினமான கேள்வி.

முகவரியை ஏன் இப்படிக் கடன் வாங்குகிறார்கள் என்பது உதவித்தொகையின் அமைப்பைப் பார்த்தால் புரியும். பழைய உதவித்தொகைகள் ஆறை ஒன்றாக்கி, 2013-ல் மான்செஸ்டருக்கு அருகே ஆஷ்டன்-அண்டர்-லைனில் யுனிவர்சல் கிரெடிட் தொடங்கப்பட்டது. அதில் வாடகைக்கென்று ஒரு பங்கு உண்டு. எந்தப் பகுதி, எத்தனை படுக்கையறை தேவை என்பதைப் பொறுத்து வாடகைக்குத் தரும் தொகையின் வரம்பு மாறும். தனியாக இருக்கிறாரா, துணையோடு இருக்கிறாரா என்பதைப் பொறுத்து அடிப்படைத் தொகையே மாறும். ஆக, விண்ணப்பத்தில் முகவரி என்பது கடிதம் வந்து சேர்வதற்கான இடம் மட்டும் இல்லை. பணத்தின் அளவை நிர்ணயிக்கும் விவரம்.

இதைச் சரிபார்க்க முன்பு நேர்முகச் சந்திப்பு இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் அது நின்றது. அந்த மாதம் 16-ஆம் தேதியிலிருந்து 31-ஆம் தேதிக்குள் மட்டும் சுமார் 9.5 லட்சம் விண்ணப்பங்கள் குவிந்தன. வேலை போனவர்களைப் பட்டினி போடுவதா, ஒவ்வொரு ஆவணமாகத் தட்டிப் பார்ப்பதா என்று வந்தபோது, முதலில் பணத்தைக் கொடுப்போம் என்று துறை முடிவு செய்தது. அன்றைய நிலையில் அது தவறான முடிவென்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. யுனிவர்சல் கிரெடிட்டில் தவறுதலாலும் மோசடியாலும் கூடுதலாகப் போன பணம், மொத்தத்தில் 9.4 சதவீதமாக இருந்தது, 2020-21-ல் 14.5 சதவீதமாக ஏறியது. இதில் எல்லாமே பொய் முகவரி இல்லை. வருமானத்தைக் குறைத்துச் சொன்னவர்கள், சேமிப்பை மறைத்தவர்கள் என்று பல வகை உண்டு.

முகவரியை வைத்தே தொழில் நடத்தியவர்களும் உண்டு. வடக்கு லண்டனின் வுட் கிரீனில் இயங்கிய பல்கேரியக் கும்பல் ஒன்று, 2016 அக்டோபர் முதல் 2021 மே வரை ஆயிரக்கணக்கான பொய் விண்ணப்பங்களைப் போட்டது. போலி வாடகை ஒப்பந்தம், போலிச் சம்பளச் சீட்டு, வீட்டு உரிமையாளரும் மருத்துவரும் எழுதியதாகக் கடிதங்கள் என்று ஒவ்வொரு கோப்பும் கச்சிதமாக இருந்தது. 2024 மே மாதம் ஐந்து பேருக்குத் தண்டனை கிடைத்தபோது, பறிபோன தொகை 5 கோடியே 39 லட்சம் பவுண்ட் என்று கணக்குச் சொன்னார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதுவரை நடந்த உதவித்தொகை மோசடிகளில் இதுவே பெரியது என்றது அரசு வழக்கு நடத்தும் அமைப்பு. போலி வாடகை ஒப்பந்தம் என்றால் அதில் ஏதாவது ஒரு கதவு எண் இருந்தாக வேண்டும். அந்தக் கதவுக்குப் பின்னால் வேறு யாரோ சமைத்துக்கொண்டும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கலாம்.

அமெரிக்காவில் இதே காலத்தில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. கலிபோர்னியாவில் வேலையிழப்பு உதவிப் பணம் டெபிட் கார்டாக அஞ்சலில் வந்தது. அதனால் மோசடி செய்தவர்களுக்கு முகவரி மட்டும் போதவில்லை, அஞ்சல் பெட்டியே தேவைப்பட்டது. முன்பின் தெரியாத பெயர்களில் கட்டுக்கட்டாக உறைகள் வந்து குவிந்ததாக ஊர் ஊராகப் புகார்கள் எழுந்தன. அன்றைய செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் பெயரில்கூட ஒரு விண்ணப்பம் போயிருந்தது. அதைப் போட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் அதே உதவித்தொகைத் துறையின் முன்னாள் ஊழியர்.

பிரிட்டனில் பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. விண்ணப்பம் இணையத்தில் நடக்கிறது. எனவே வீட்டில் இருப்பவருக்கு எதுவுமே தெரியாமல் மாதக்கணக்கில் இந்தக் குடித்தனம் நடக்க முடியும். கடன் வசூலிப்பவரின் கடிதம் வரும்போதுதான் பலருக்கு விஷயம் தெரிகிறது.

அப்படி வந்தால் முதலில் எழும் பயம், ‘நம் வீடு கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டதோ’ என்பது. அது வீண் பயம். பிரிட்டனில் கடன் வரலாறு ஆளைப் பின்தொடர்கிறது, வீட்டை இல்லை. கூட்டுக் கணக்கோ கூட்டுக் கடனோ இல்லாத ஒருவரின் பாக்கி, ஒரே முகவரி என்பதற்காக இன்னொருவர் தலையில் ஏறாது. ஜப்திக்காரர் வாசலில் வந்து நின்றாலும் அவரை உள்ளே விட வேண்டியதில்லை. தன் பெயரில் உள்ள கவுன்சில் வரி ரசீதையோ வாடகை ஒப்பந்தத்தையோ காட்டினால் போதும்.

உண்மையான தொல்லை வேறு பக்கத்திலிருந்து வரலாம். தனியாக வசிப்பவருக்குக் கவுன்சில் வரியில் 25 சதவீதம் சலுகை உண்டு. அந்தச் சலுகைப் பட்டியலையும் வாக்காளர் பட்டியலையும் தேசிய அளவில் கணினி வைத்து ஒப்பிடுகிறார்கள். கணவரை இழந்து தனியாக இருக்கும் ஒரு பெண்மணியின் முகவரியில் இன்னொரு வயது வந்தவரின் பெயர் பதிந்திருந்தால், கவுன்சில் அவரிடம்தான் விளக்கம் கேட்கும். அவரே உதவித்தொகை வாங்குபவராக இருந்தால் நிலைமை இன்னும் சங்கடம்: துணையோடு வாழ்ந்துகொண்டு தனியாள் என்று சொல்கிறாரோ என்ற சந்தேகம் எழக்கூடும். இல்லாத ஒருவர் தன் வீட்டில் இல்லை என்று நிரூபிக்க எந்தச் சான்றிதழை யார் தருவார்கள்?

கார்டிஃப் நகரில் 2022-23-ல் ஒருவருக்கு நேர்ந்தது இதற்கு நெருங்கிய சங்கதி. உதவித்தொகைக்குப் பதில் மதிப்புக் கூட்டு வரி. பெரும்பாலும் சீனாவைச் சேர்ந்த சுமார் 11,000 நிறுவனங்கள் அவருடைய ஃபிளாட்டின் முகவரியைக் கொடுத்து அந்த வரிக்குப் பதிவு செய்திருந்தன. வரித்துறையின் உறைகள் மூட்டை மூட்டையாக வந்தன. ஒரே வீட்டில் இத்தனை நிறுவனங்களா என்று எந்தக் கணினிக்கும் சந்தேகம் வரவில்லை. அவர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. நாடாளுமன்றக் குழு வரை விஷயம் போனது.

இவ்வளவையும் கேட்டவருக்கு அந்தப் பெயரின் மேல் கோபம் வருவது இயல்பு. திருடன் என்று முடிவுகட்டிப் புகார் எழுதத் தோன்றும். இன்னொரு சாராருக்கு நேர்மாறாகத் தோன்றும்: வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வானேன், பேசாமல் குப்பையில் போடு. இரண்டு பேரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். உறைக்கு வெளியே தெரியும் ஒரு பெயரை வைத்து, அந்த ஆளைத் தங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பெயருக்குப் பின்னால் மூன்று பேரில் எவரும் இருக்கலாம்.

ஒருவர், உண்மையிலேயே மோசடிக்காரர். அவர் தன் சொந்தப் பெயரைப் போட்டிருப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இரண்டாமவர், பெயரைப் பறிகொடுத்தவர். 2019-ல் பி.பி.சி. வெளிக்கொண்டுவந்த விவகாரம் இது. அரசு மானியம் வாங்கித் தருகிறோம், குறைந்த வட்டியில் கடன் தருகிறோம் என்று சொல்லி ஏழைகளிடம் விவரங்களை வாங்கி, அவர்கள் பெயரில் யுனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்து, முன்பணத்தைச் சுருட்டினார்கள். தன் பெயரில் விண்ணப்பம் போனதே தெரியாதவருக்கு, வாங்கிக்கொண்டிருந்த பழைய உதவித்தொகை ஒருநாள் நின்றுபோனது. வாங்காத முன்பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதமும் வந்தது. இப்படிப்பட்டவரின் பெயர்தான் உறையில் இருக்கிறது என்றால், அந்தப் பெயரைத் திட்டுவது அடிபட்டவரையே திட்டுவது.

மூன்றாமவர், முன்பு அங்கே குடியிருந்தவர் அல்லது போக்கிடம் இல்லாதவர். வீடு காலி செய்தவர் எல்லாரும் ஒழுங்காக இடமாற்றம் தெரிவிப்பதில்லை. துரத்தப்பட்டவர், கணவனின் அடி தாங்காமல் இரவோடு இரவாகக் கிளம்பியவர், மருத்துவமனையில் கிடப்பவர் எல்லாம் அதில் உண்டு. அந்த உறைக்குள் ஒரு சந்திப்புக்கான தேதி இருக்கலாம். வராவிட்டால் பணம் வெட்டப்படும். வீடே இல்லாதவரும் உதவித்தொகை கேட்கலாம் என்று விதி இருக்கிறது. விடுதியின் முகவரியையோ, நண்பர் வீட்டு முகவரியையோ, ஜாப் சென்டரின் முகவரியையோ கொடுக்கலாம். பழைய நண்பர் ஒருவர் போன பிறகும் அவர் வீட்டு எண்ணையே எழுதிக்கொண்டிருக்கும் ஒருவர் மோசடிக்காரர் இல்லை, நாதியற்றவர்.

லண்டன் தமிழர்களுக்கு இது கதையாகத் தெரியாது. இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்கள் முதல் மாதங்களில் அண்ணன் வீடு, ஊர்க்காரர் வீடு என்று தங்கி, கேர் ஆஃப் போட்டுத்தான் கடிதம் வாங்கினார்கள். ஆள் வேறு ஊருக்குப் போன பிறகும் ஹோம் ஆபீஸ் கடிதம் பழைய வாசலுக்கே வரும். அதைப் பத்திரமாக எடுத்துவைத்து, ‘தம்பி, உங்களுக்கு ஒரு கடிதம் வந்து கிடக்குது’ என்று போன் போட்டுச் சொன்ன ஓர் அக்காவால் ஒருவருடைய வழக்கே பிழைத்திருக்கலாம். தெரிந்தவருக்குச் செய்ததைத் தெரியாதவருக்கு அதே மாதிரி செய்ய முடியாது, போன் நம்பர் இல்லை. ஆனால் குப்பையில் போடாமல் இருக்க முடியும்.

அடுத்த கேள்வி, பிரித்துப் பார்க்கலாமா என்பது. 2000-ஆம் ஆண்டின் அஞ்சல் சேவைச் சட்டம், தவறி வந்த கடிதத்தை நியாயமான காரணமில்லாமல், பிறருக்குத் தீங்கு நினைத்துப் பிரிப்பதைக் குற்றம் என்கிறது. கெட்ட எண்ணமில்லாமல் பிரித்தவரை அது குறிவைக்கவில்லை. என்றாலும் பிரிக்காமலே வேலை முடியும். உறையின் மேல் ‘இந்த முகவரியில் இல்லை, அனுப்பியவருக்கே திருப்பவும்’ என்று எழுதிச் சிவப்புப் பெட்டியில் போட்டால், தபால்தலை ஒட்டாமலே அது திரும்பிப் போகும். மூன்று பேரில் யாராக இருந்தாலும் இந்தக் காரியம் பொருந்தும்.

கடிதங்கள் நிற்கவில்லை, வங்கி அட்டையும் வருகிறது என்றால் உறையைத் திருப்புவது மட்டும் போதாது. துறைக்குப் போன் போட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். தன் வீட்டைப் பற்றித்தான் கேட்கிறார்; ஆனால் அங்கே இருப்பதாகச் சொன்ன ஆளைப் பற்றி அதிகாரி வாய் திறக்க மாட்டார். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆளுக்குத்தான் காவல். எரிச்சலாக இருக்கும். மூன்றாமவரை, அதிலும் அடிக்குத் தப்பி ஓடியவரை நினைத்துப் பார்த்தால் அந்த மௌனத்தின் நியாயம் புரியும்.

வெளியாருக்குத் திறந்திருக்கும் முக்கியமான வழி மோசடிப் புகார்தான். இணையத்திலும் தொலைபேசியிலும் சொல்லலாம். தன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று பிறகு தெரிவிக்கவும் மாட்டார்கள். கூடவே கவுன்சிலுக்கும் ஒரு கடிதம் போட்டு, வாக்காளர் பட்டியலிலும் வரிக் கணக்கிலும் இந்த முகவரிக்கு நேரே யார் யார் பெயர் இருக்கிறது என்று சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அந்தப் புகாரில் என்ன எழுதுவது? இன்ன பெயரில் இன்னின்ன தேதிகளில் கடிதம் வந்தது. இன்ன ஆண்டிலிருந்து இந்த வீட்டில் இருப்பவர்கள் நாங்கள் மட்டும். இந்தப் பெயருடையவரை எங்களுக்குத் தெரியாது, யாருக்கும் அறை வாடகைக்கு விடவில்லை. இந்த அளவுக்குத்தான் வீட்டில் இருப்பவருக்கு நேரடியாகத் தெரியும். ‘ஏமாற்றுக்காரர், பிடித்து உள்ளே போடுங்கள்’ என்பது அவருக்குத் தெரிந்த விஷயம் இல்லை, ஊகம். மோசடிக்காரரைப் பிடிப்பதற்குத் தெரிந்த அளவே போதும். அப்பாவியைக் காப்பாற்றுவதற்கும் அதுவே போதும்.

சிலர் கையை இழுத்துக்கொள்வது ‘மோசடி’ என்ற தலைப்பைப் பார்த்துத்தான். நிறுவனங்கள் விஷயத்தில் பிரிட்டன் இதற்கு வழி கண்டுவிட்டது. நிறுவனப் பதிவகத்தில் யாரோ தன் வீட்டை அலுவலகமாகக் காட்டியிருந்தால் மறுப்புத் தெரிவிக்க ஆர்.பி.07 என்றொரு படிவம் உண்டு. 2024 மார்ச் 4 முதல், பொருத்தமில்லாத முகவரியை மாற்றிவிடப் பதிவாளருக்குக் கூடுதல் அதிகாரமும் வந்திருக்கிறது. வீடில்லாதவர் பக்கத்திலும் ஒரு முயற்சி நடந்தது: கட்டடக் கலைஞர் கிறிஸ் ஹில்ட்ரே, ஆளில்லாமல் கிடக்கும் வீடுகளின் முகவரிகளை முறைப்படி வீடற்றவர்களுக்குக் கடன் கொடுத்து, வரும் கடிதங்களை அவர்கள் இருக்கும் இடத்துக்குத் திருப்பிவிடும் பிராக்ஸிஅட்ரஸ் என்ற திட்டத்தை உருவாக்கினார்.

உதவித்தொகைக்கும் ஆர்.பி.07 போல, யார்மீதும் பழி சொல்லாமல் ‘இவர் இங்கே இல்லை’ என்று மட்டும் தெரிவிக்கும் ஒரு படிவம் வந்தால், குப்பைத் தொட்டிக்குப் போகும் உறைகள் பாதியாவது அதிகாரியின் மேசைக்குப் போகும். பழைய குடித்தனக்காரரின் கோப்பில் முகவரி சரியாகும், பெயரைப் பறிகொடுத்தவருக்கு முன்கூட்டியே விஷயம் தெரியவரும். நஷ்டம் அந்த முதல் ஆளுக்கு மட்டும்தான்.