கட்டினால் ஓடும் மணிக்கூடு

ஒட்டோமெட்டிக் கைமணிக்கூட்டில் பற்றரி கிடையாது. தினமும் சாவி கொடுக்கவும் வேண்டியதில்லை. கட்டியிருப்பவரின் கை அசையும்போது, உள்ளே அரைவட்டமான உலோகத் தகடு ஒன்று அச்சில் சுழலும். ரோட்டர் எனப்படும் அந்தத் தகடு சுழலச் சுழலச் சுருள்வில் முறுக்கேறும். முறுக்கு மெல்ல அவிழும் விசையே பற்சக்கரங்களைத் தள்ளி முட்களை நகர்த்துகிறது. அது ஒரேயடியாக அவிழ்ந்துவிடாமல் அளந்து விடுவது, மயிரிழைபோன்ற இன்னொரு சுருளின் துணையோடு இருபுறமும் ஆடும் சமநிலைச் சக்கரம். இன்றைய நல்ல மணிக்கூடுகள் பலவற்றில் அது மணிக்கு 28,800 தடவை, அதாவது விநாடிக்கு எட்டுத் தடவை அடிக்கும். கழற்றி மேசையில் வைத்தால் ஏறக்குறைய நாற்பது மணி நேரம் ஓடும். சில புதிய வகைகள் எழுபது மணி நேரம் தாங்கும். பிறகு நின்றுவிடும். இந்த ஏற்பாட்டைக் கைமணிக்கூட்டுக்குள் கொண்டுவந்தவர் ஜோன் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர். 1924இல் சுவிட்சர்லாந்தில் அதற்குக் காப்புரிமை பெற்றார். முழு வட்டமாகச் சுழலும் ரோட்டரோடு ரோலெக்ஸ் 1931இல் வந்தது.

சரியான நேரத்துக்காக இதை வாங்க வேண்டிய தேவை 1969 டிசெம்பரோடு தீர்ந்துபோயிற்று. அந்த மாதம் சீக்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைமணிக்கூட்டை ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. இன்றைய சாதாரண குவார்ட்ஸ் மணிக்கூட்டின் படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. மாதம் முழுவதும் ஓடினாலும் பிசகு விநாடிக் கணக்கில்தான் இருக்கும். சுவிஸ் குரோனோமீற்றர் சான்று பெற்ற ஒட்டோமெட்டிக்கோ நாளொன்றுக்கு 4 விநாடி பிந்தவும் 6 விநாடி முந்தவும் அந்தச் சான்றே இடம் கொடுக்கிறது. கண்டி நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் பற்றரி மணிக்கூடு, இருபத்தைந்து இலட்சம் ரூபா மணிக்கூட்டை விடச் சரியாக நேரம் காட்டும். அப்படியிருந்தும் வாங்குகிறார்கள் என்றால், வாங்கப்படுவது எது?

கண்டியில் இந்தக் கேள்விக்கு வயது அதிகம். 1660 முதல் ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள் கண்டி அரசனின் பிடியில் இருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் இந்நாட்டின் நேரக் கணக்கை விவரித்திருக்கிறார். மக்களிடம் மணிக்கூடும் இல்லை, நிழற்கடிகாரமும் இல்லை. உத்தேசமாகத்தான் நேரம் பார்த்தார்கள். நேரம் அளக்கும் கருவி அரசனிடம் இருந்தது. அது அடியில் மிகச் சிறிய துளையிட்ட செப்புப் பாத்திரம். மண்பானை நீரில் அதை மிதக்க விடுவார்கள். துளை வழியாக நீர் ஏறி, பாத்திரம் நிறைந்து மூழ்கும். மூழ்கியதும் எடுத்து மறுபடி மிதக்க விடுவார்கள். ஒரு முறை மூழ்கும் நேரம் ஒரு நாழிகை, 24 நிமிடம். அந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். அவர் அயர்ந்தால் அரண்மனையின் நேரம் நின்றுவிடும். நேரத்தைச் சொந்தமாக வைத்திருப்பது அன்று அரசனுக்குரிய பெருமை, அதைப் பராமரிப்பது இன்னொருவருடைய உழைப்பு.

பின்னர் நேரம் பொதுவுக்கு வந்தது. தலதா மாளிகையின் பூசை முரசும் பள்ளிவாசலின் பாங்கும் நகரத்துக்கு நேரம் சொல்லின. தோட்டங்களில் விடியுமுன் அடித்த தப்பு தொழிலாளரைக் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு அழைத்தது. 1950இல் திறக்கப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரம், மகனை இழந்த வணிகர் ஒருவர் அவன் நினைவாகக் கட்டிக்கொடுத்தது. இந்த நகரத்தில் மணிக்கூட்டுக்காகச் செலவான பணத்தில் இதைவிட நல்ல செலவைக் காட்டுவது கடினம். இப்போது கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. நேரம் அறிய எவரும் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை.

ஆக, உயர்விலை மணிக்கூட்டை வாங்குபவர் வேலைப்பாட்டையும் பெயரையும் வாங்குகிறார். ரோலெக்ஸின் உருக்கு சப்மரினர் வகை ஒன்பதாயிரம் டொலருக்கு மேல் விலை போகிறது. டொலருக்கு 300 ரூபா வைத்தாலும் 27 இலட்சம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் 27 இலட்சம் என்பது 2,000 நாள் வேலை. உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒருவர் ஆசைப்பட்டதை வாங்குவது அவருடைய உரிமை. ஆனால் ஜன்னலைத் திறந்தால் ஹந்தானையின் தேயிலை மலை தெரியும் ஊரில் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு வாங்குவது வேறு, தெரியாமல் வாங்குவது வேறு. தெரிந்து வாங்குபவர் அதைப் பிறர் முகத்துக்கு நேரே நீட்டமாட்டார்.

முதலீடு என்ற வாதமும் உண்டு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, ஏற்கெனவே கையில் இருந்த மணிக்கூடுகளின் ரூபா விலையும் ஏறியது உண்மை. ஆனால் அந்த ஆண்டு அரிசிக்கும் மருந்துக்கும் பணம் தேடிய குடும்பங்களுக்குக் கைகொடுத்தது நகைதான். பவுணை அடகுக்கடைத் தராசில் வைத்தால் உடனே காசு. உருக்கு மணிக்கூட்டைத் தராசு மதிக்காது. அதன் அருமை தெரிந்த இன்னொருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும், அது போலியல்ல என்று நிரூபிக்கவும் வேண்டும். அவசரத்துக்கு உதவாத பொருளைச் சேமிப்பு என்று சொல்லிக் கடனுக்கு வாங்குவது தன்னையே ஏமாற்றிக்கொள்வது.

கண்டிப் பகுதியின் பல வீடுகளுக்கு ஒட்டோமெட்டிக் வேறு வழியாக வந்தது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்த சீக்கோ 5 அது. 1963இல் தொடங்கிய இந்த வரிசையின் குமிழ் நான்கு மணிப் பக்கம் பதிந்திருக்கும். கிழமையும் திகதியும் ஒரே சன்னலில் தெரியும். அரபு நாடுகளின் சந்தைக்கென்று செய்தவற்றில் கிழமையை அரபு எழுத்திலும் வைத்துக்கொள்ளலாம். விலையால் அது ஆடம்பரப் பொருள் அல்ல. ஆனால் வெயிலில் உழைத்த ஒருவர் முதல் விடுமுறைக்கு வரும்போது தந்தையின் கையில் கட்டிவிட்ட மணிக்கூட்டை அந்த வீடு எவ்வளவு கவனமாக வைத்திருக்கும் என்பது ஊரறிந்தது.

வாங்கிய பிறகு வருவதுதான் பெரிய பகுதி. ஒட்டோமெட்டிக்கைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் அது கெடாது என்று நினைப்பது தவறு. உள்ளே சக்கரங்களின் அச்சுகள் செயற்கை மாணிக்கக் கற்களில் எண்ணெய் பூசிய நிலையில் சுழல்கின்றன. ஓடாவிட்டாலும் அந்த எண்ணெய் ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்து தடிக்கும். கண்டியின் ஈரக்காற்றும் இரண்டு பருவமழையும் இன்னொரு சோதனை. குமிழைச் சரியாக அழுத்தி மூடாமல் மழையில் நனைந்தால், கண்ணாடியின் உட்புறம் ஆவி படியும். படிந்த அன்றே கொண்டுபோய்த் திறக்கவில்லையானால் மெல்லிய உருக்குப் பாகங்களில் துரு பிடிக்கும். ஒலிபெருக்கியின் காந்தத்துக்குப் பக்கத்தில் வைத்த மணிக்கூடு திடீரென்று நாளுக்கு நிமிடக்கணக்கில் முந்தும். மயிரிழைச் சுருளின் சுற்றுகள் காந்தமேறி ஒட்டிக்கொள்வதே காரணம். காந்தம் நீக்கும் சிறு கருவியால் நொடியில் சரியாகும்.

தயாரிப்பாளரைப் பொறுத்து ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை முழுச் சேர்விஸ் தேவை. உயர்விலை வகைகளுக்கு அதற்கே சில நூறு டொலர் ஆகும். கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்ப வேண்டியும் வரலாம். இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காதவர் பாதி விலையைத்தான் பார்த்திருக்கிறார். பழைய மணிக்கூடுகளை உள்ளூரில் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, பின்மூடியைத் திருகித் திறந்து, காற்றூதும் ரப்பர்க் குமிழால் தூசியை விலக்கி, சமநிலைச் சக்கரம் எவ்வளவு தூரம் ஆடுகிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்தால், முன்பு பழுது பார்த்தவர்கள் ஊசிமுனையால் கீறிய திகதிகளும் குறியெழுத்துகளும் சில மணிக்கூடுகளில் தெரியும். அவற்றைக் கொண்டு அந்த மணிக்கூடு எப்படிப் பேணப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

இதனால்தான் பயமில்லாமல் கட்ட முடியாத மணிக்கூட்டை வாங்காதிருப்பது நல்லது. பஸ்ஸில் சட்டைக் கைக்குள் மறைத்து, பெரஹெரா நெரிசலுக்குக் கழற்றி வைத்து, உறவினர் வீட்டுக்குப் போகவும் யோசிப்பவர் அந்தப் பொருளுக்குக் காவலாளி ஆகிவிடுகிறார். தன் வருமானத்தில் தொலைந்தாலும் தாங்கக்கூடிய விலை எதுவோ அதற்குள் ஒன்றை வாங்கி, நாள்தோறும் கட்டி, காலத்துக்குச் சேர்விஸ் செய்பவரே அதை அனுபவிக்கிறார். அது சீக்கோ 5 ஆகவும் இருக்கலாம்.

கடைசியாக, கைமாறும் விடயம். நகையை நிறுத்துப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கிடலாம். மணிக்கூட்டைப் பங்கிட முடியாது. யாருக்கு என்பதை உயிரோடிருக்கும்போதே மற்றப் பிள்ளைகளும் அறியச் சொல்லிவிடுவது மனக்கசப்பைத் தவிர்க்கும். கொடுக்கும்போது வாங்கிய பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, சேர்விஸ் விவரம் மூன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பெறுகிறவர் அதைக் கட்டுவாரா, விற்பாரா என்பது அவர் விருப்பம்.