கொன்றுண்ணும் உயிரும் கூடிவாழ்வும்

உயிர்கள் ஒன்றையொன்று தின்று வாழும் இவ்வுலகிற் கொல்லாமை எங்ஙனம் அறமாகும் என்பது பழையதொரு தடை. இக்காலத்து இயற்கைநூலார் கண்ட செய்தி ஒன்றனைத் துணைக்கொண்டு ஒருசாரார் அத்தடையை மீட்டும் எழுப்புகின்றனர். கொன்றுண்ணும் உயிர் இல்வழிப் பிறவுயிர்கள் கூடிவாழ்தல் இயலாது. ஆகவே கொலையும் உலகிற்கு நலஞ்செய்வதே. நலஞ்செய்வதனைத் தீவினையென்றல் பொருந்தாது என்பது அவர் கூற்று. இஃது எள்ளி விடத்தக்க வாதமன்று. இதற்கு அடியாக நின்ற செய்தி மெய்யானது. ஆதலின் அச்செய்தியை முதற்கண் உள்ளவாறு அறிதல் வேண்டும்.

வட அமெரிக்காவின் மேல்கரையில், வாஷிங்டன் மாநிலத்து மக்கா விரிகுடாவின் பாறைகள் கடலேற்றத்தில் மூழ்கியும் வற்றத்தில் வெளிப்பட்டும் கிடப்பன. மட்டி, கொட்டலசு, நத்தை, பாசி முதலாகப் பலவும் ஆண்டு நெருங்கி வாழும். அவற்றுக்கு உணவினும் அரியது ஒட்டிக்கொள்ளும் இடமே. அவற்றின் நடுவே நட்சத்திரமீன் ஒன்றுண்டு. அது தன் கைகளின் கீழுள்ள நுண்குழாய்க் கால்களால் மட்டியின் ஓட்டைப் பற்றியிழுத்துச் சிறிதே திறக்கச்செய்து, தன் இரைப்பையையே உள்ளே செலுத்தி அதனை உண்ணும்.

ராபர்ட் பெய்ன் என்னும் உயிர்நூலறிஞர் 1963-இல் அங்கு ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். 8 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமுமுள்ள பாறைப்பரப்பினின்று நட்சத்திரமீன்களை அகற்றி, பின்னும் வந்தவற்றையும் அகற்றிக்கொண்டே வந்தார். கொடியது நீங்கின் ஏனைய தழைக்கும் என்றே எவரும் எண்ணுவர். நிகழ்ந்ததோ வேறு. முதலிற் கொட்டலசுகள் பரந்தன. பின்னர் மட்டிகள் அவற்றையும் நெருக்கித் தள்ளி இடமெல்லாம் கவரத் தொடங்கின. 15 இனங்கள் வாழ்ந்த பாறையில் 8 இனங்களே எஞ்சின. மீன் அகற்றப்படாத அயற்பாறையிலோ பழைய கூட்டம் பழையபடியே இருந்தது. 1966-இல் இம்முடிபு வெளிவந்தது. 1969-இல் அவர் இத்தகைய உயிருக்குக் கல்வளைவின் உச்சியில் அமைந்து ஏனைக் கற்கள் சரியாவாறு நிறுத்தும் முடிக்கல்லின் பெயரை இட்டார்.

இதனால் நட்சத்திரமீன் அறஞ்செய்தது எனலாமோவெனின், அற்றன்று. என்னை? அது பாசிக்கு இடந்தரக் கருதி மட்டியைத் தின்றிலது; தன் பசி தணித்ததே அது செய்தது. மட்டி மிகுதியும் அதற்கு உவப்பான உணவாயிருந்தமையாலும், மட்டியே இடங்கவர்வதில் வலியதாயிருந்தமையாலும், அப்பசியின் பயன் பிறவற்றுக்கு வாழ்வாயிற்று. விளைந்த நலம் உண்மை. செய்தது நல்வினை என்பதுதான் உண்மையன்று. அவ்வாறே அதனைத் தீவினையாளன் என்றலும் ஒவ்வாது. அதற்கு வாய்த்த உடலும் கருவிகளும் அவ்வொரு வழியே செல்லற்குரியன. இது தகும், இது தகாது என்று பகுத்து விலகுதற்கு அதற்கு இடமில்லை. விலக இடமில்லாதவனது செயலைக் காட்டி, விலக வல்லவன் தன் செயலை நிறுவப் புகுதல் வழக்காடுமுறைக்கே மாறு.

மட்டியின் செய்தி இன்னும் உற்றுநோக்கத் தக்கது. அஃது எதனையுந் துரத்திக் கொல்வதன்று. கடல்நீரை வடித்து அதன்கணுள்ள நுண்பொருள்களை உண்டு, இருந்தவிடத்தே இருப்பது. எனினும் அதன் பெருக்கமே அண்டை அயலவற்றைப் பாறையினின்று நீக்கிற்று. ஊனுண்ணாமை ஒன்றனையே கொண்டு பிறவுயிர்க்கு இடர்செய்யாமை முற்றிற்று என்று அமைந்திருப்பார் இதனைக் கருதிப்பார்த்தல் நன்று. வாயினாற் செய்யுங் கொலையன்றி, இருப்பினாற் செய்யும் நெருக்கமும் உண்டு.

இனி, இறைவன் செய்யும் அழித்தலும் அருளேயாதல் போல இதுவும் அருள் என்று உவமை கூறுவாருமுளர். அழித்தல் உயிர்களின் இளைப்பொழித்தற் பொருட்டு என்பது சித்தாந்தம். தன்பொருட்டு ஒன்றும் வேண்டாதான் தொழிலுக்குத் தன் வயிற்றின்பொருட்டுக் கொல்வதன் தொழிலை உவமை கூறுதல் உவமைக்குற்றமாம்.

கொன்றுண்ணும் உயிரையே மனிதன் கொன்ற வரலாறும் அப்பெருங்கடலின் கரையிலேயே உண்டு. கடல் நீர்நாயின் மயிர் விலங்குகளின் மயிரனைத்தினும் அடர்ந்தது. 1741-இற் பேரிங் என்பாரது கடற்செலவின் பின்னர் அதன் தோலுக்காக வேட்டை தொடங்கிற்று. 1911-இல் நான்கு அரசுகள் உடன்படிக்கை செய்து வேட்டையைத் தடுத்தபோது, இலக்கத்திற்கு மேற்பட்டிருந்த அவ்வினம் சில ஆயிரமும் இல்லாதாயிற்று. நீர்நாயின் உணவு முள்ளுடம்புடைய கடல் முள்ளெலி. முள்ளெலியின் உணவு மரம்போல் ஓங்கி வளரும் பெரும்பாசி. எஸ்டீஸ், பால்மிசானோ என்னும் இருவர் அல்யூஷியன் தீவுகளில் நீர்நாய் உள்ள தீவுகளையும் இல்லாதவற்றையும் ஒப்புநோக்கி 1974-இல் எழுதினர். உள்ள இடத்துப் பாசிக்காடு தழைத்திருந்தது. இல்லாத இடத்து முள்ளெலிகளே மொய்த்து, கடலடி வெறும்பாறையாய்க் கிடந்தது. தோல் வணிகர் பாசிக்காட்டை அழிக்கக் கருதினாரல்லர். அஃது அழியுமென்று அறிந்தாருமல்லர். ஆயினும் தாம் கொல்வது பசிக்கன்று என்பதனை அவர் நன்கறிவர். பயனை எண்ணிக் கொலைக்கு அறப்பெயர் சூட்டுவார், எண்ணப்படாது நின்ற பயன் இவ்வாறு இருத்தலையும் ஒருங்கு எண்ணுதல் வேண்டும்.

1965 முதல் 1969 வரை நானூற்றின் மேற்பட்ட நீர்நாய்கள் தென்கிழக்கு அலாஸ்காவிற் கொண்டுவந்து விடப்பட்டன. அவை பெருகின. தன் உடல் நிறையின் காற்பங்கு அளவு நாடோறும் உண்ணும் இவ்விலங்கு, நண்டும் சிப்பியும் எடுத்துப் பிழைப்பாரது வருவாயைக் குறைத்துவிட்டது. நீர்நாய்களைக் குறைத்தல் வேண்டும் என்று அவர் முறையிடுகின்றனர். தோல் வணிகரோடு இவரை ஒருங்குவைத்து இகழ்தல் நேர்மையன்று. இவர் கேட்பது அணிகலனன்று, உணவு. நீர்நாய் தன் பங்கைத் தானே குறைத்துக்கொள்ள அறியாது. மீனவர் அறிவர், எத்துணை குறைத்துக்கொள்ளுமாறு அவரைக் கேட்கலாம் என்பதனைக் கரையில் வாழாதார் எளிதில் வரையறுத்துவிட முடியாது.