கொடைக்குக் கணக்கு உண்டோ?

காடு கைம்மாறு கருதாத வள்ளல் என்று எண்ணியே நாம் வளர்ந்தோம். அவ்வள்ளலின் வரவு செலவை அளப்பது முறையோ?

புனே வாழ் தமிழராகிய நமக்கு இவ்வினா அயலானதன்று. 1962இல் நம் நகரில் தோன்றிய இந்திய வெப்பமண்டல வானிலையியல் ஆய்வுக் கழகம், அசாமின் காசிரங்காவிலும், விடுமுறையில் ஊர் செல்லும் நாம் படகேறிக் காணும் பிச்சாவரத்திலும் இரும்புக் கோபுரங்கள் நிறுவிக் காட்டின் மூச்சை அளந்துள்ளது. மரமுடிகளுக்கு மேலுள்ள கருவிகள், காற்று ஏறி இறங்கும் விரைவையும் அதிலுள்ள கரியமில வாயுவையும் நொடிக்குப் பத்து முறையேனும் குறிக்கின்றன. கீழிறங்கும் காற்றைவிட மேலேறும் காற்றில் வாயு குறைந்திருப்பின் காடு உண்டது, மிகுந்திருப்பின் உமிழ்ந்தது. பகலில் இலை உண்டதில் ஒரு பகுதியை இலையும் வேரும் மண்ணும் இரவில் திருப்பிவிடுகின்றன. எஞ்சுவதே நிகர இருப்பு. கணக்கேடுகளில் உழலும் நமக்கு இதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. காசிரங்காக் காடு உறிஞ்சுவதினும் மிகுதியாக வெளிவிடுகிறது என அங்குள்ள கணக்கு கண்டது. பச்சையெல்லாம் வரவு என்னும் நம்பிக்கை அங்கே தளர்கிறது.

அளத்தலில் இழுக்கில்லை என்பதே நம் கருத்து. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 30 சதவீதத்தை உலகின் நிலப்பரப்பு ஏற்றுக்கொள்கிறது. இது கேட்டு, 'நம் புகைக்கு இன்னும் இடமுண்டு' என்று ஆறுதல் கொள்வோர் உளர். அதனை நாம் ஏற்கவில்லை. சுரபுன்னையும், சிதம்பரத்துக்குப் பழம்பெயர் தந்த தில்லையும் சேற்றில் நின்று சேர்ப்பது அவற்றின் ஈட்டம். ஹடப்சர் சாலையில் நம் ஊர்திகள் கக்குவது நம் கடன். ஒருவர் வரவைக் காட்டி மற்றொருவர் கடனைக் கழிக்க எந்தத் தணிக்கையாளர் இசைவார்? அன்றியும், அம்மரங்களின் அடியில் நெடுங்காலமாகப் புதைந்துள்ள கரிமம், காட்டை அழித்துச் சேற்றைக் கிளறினால் மீண்டும் காற்றில் கலக்கும். அந்தப் பற்று எவர் பெயரில் எழுதப்படும்?