சாய்தல்

‘ரிக்ளைன்’ என்ற ஆங்கில வினைக்கு அகராதிகள் தரும் ‘சாய்ந்துகொள்’ அர்த்தத்தில் சரி, பிரயோகத்தில் சரியில்லை. ஆங்கிலத்தில் ஒருவன் வெறுமனே ரிக்ளைன் செய்யலாம். எதன்மேல் என்று வாக்கியம் கேட்பதில்லை. தமிழில் ‘சாய்ந்தான்’ என்று முற்றுப்புள்ளி வைத்தால் ஆள் அநேகமாகச் செத்துப்போயிருப்பான். தூணோ சுவரோ தோளோ உள்ளே வந்தாகவேண்டும். தாங்குவது எது என்பதை நம் மொழி சுலபத்தில் மறைக்க விடுவதில்லை. (லத்தீனில் அதே வேரிலிருந்து வந்த ‘டிக்ளைன்’, பாங்கில் கடன் மனுக்களின் மேல் மேலதிகாரி எழுத, பதிவேட்டில் நான் ஏற்றும் சொல்.)

ரோமானியப் பிரபுக்கள் இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்து உண்டார்கள். அடிமைகள் நின்று பரிமாறினார்கள். மயிலாப்பூர் வீடுகளில் ஈஸிசேர் ஆண்களின் சொத்து. பெண்களுக்கு இருந்தது வேறொரு பிரயோகம்: ‘சித்தே தலையைச் சாய்ச்சுக்கறேன்.’ சாய்வது தலை மட்டும்தான். உடம்பு அடுத்த அழைப்புக்குக் காத்திருக்கும்.

பெருமாளுக்கு நின்ற, இருந்த, கிடந்த என்று மூன்று கோலங்கள். குடந்தையில் மட்டும் ஒரு சிக்கல். நடந்து கால் நொந்ததாலா இந்தக் கிடப்பு என்று விசாரித்து, எழுந்து பேசச் சொன்னார் திருமழிசையாழ்வார். ஆராவமுதன் பாதி எழுந்து அப்படியே நின்றுவிட்டதாக ஐதிகம். உத்தான சயனம் என்கிறார்கள். ரிக்ளைனுக்கு நம்மிடம் உள்ள மிக நெருங்கிய உருவம் இதுவென்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இதில் சொகுசு இல்லை. ஒருவர் இன்னொருவரின் கால்வலியைக் கேட்டதில் பிறந்த நிலை இது.

கிடந்தவன் பெயரைக் கொண்ட ரங்கநாதன் தெரு தி. நகரில் இருக்கிறது. அங்கே கடைப் பெண்கள் காலையிலிருந்து இரவு வரை நிற்கிறார்கள். கோழிக்கோட்டுக் கடைப் பெண்களின் போராட்டத்துக்குப் பின் கேரளம் 2018-இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 1947-ஆம் வருஷக் கடைகள் சட்டத்தில் 2021-இல்தான் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. எழுபத்து நான்கு வருஷம். அதுவும் சாய்வதற்கல்ல, வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைத்தால் உட்காருவதற்கு. வாய்ப்பைத் தீர்மானிப்பது யார்? முதலாளி என்று சொல்லித் தப்பித்துவிடலாம். பெரும்பாலும் அது வாடிக்கையாளன்தான். ஒரு ஜவுளிக்கடையில் நான் நுழைந்ததும் முக்காலியிலிருந்து அந்தப் பெண் எழுந்துவிட்டாள். ‘உட்காரும்மா’ என்றேன். அவள் மேற்பார்வையாளர் நின்ற பக்கம் பார்த்தாள். பிறகு என்ன விலையில் பார்க்கிறீர்கள் என்று கேட்டாள்.