மன்னிப்பும் சாட்சியமும்

கொலை வழக்கில் மகனைப் பறிகொடுத்த தாய் அந்த வழக்கை நடத்துபவர் அல்ல, நடத்துவது அரசு. தீர்ப்பில் அவர் பெரும்பாலும் அ.சா.1, அதாவது அரசுத் தரப்பு முதல் சாட்சி. செஷன்ஸ் நீதிமன்றங்களில் இத்தகைய குடும்பங்களுக்காக நிற்கும் வக்கீல் நான். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவள். இந்த இரண்டும் எனக்குள் மோதும் இடம் ஒன்று உண்டு.

சாட்சி விசாரணை நெருங்கும்போது ஊர்ப் பெரியவர்கள் வீடு தேடி வருவார்கள். சில நேரம் சபை மூப்பரும் கூட. "மன்னிச்சிடும்மா, போன உயிர் திரும்பவா போகுது?" மன்னிப்பின் பெயரால் அவர்கள் கேட்பது வேறு. அந்தத் தாய் கூண்டில் ஏறி, "நான் எதையும் பார்க்கல" என்று சொல்ல வேண்டும். உடனே அரசு வக்கீல் அவரைப் பிறழ் சாட்சியாகக் கருத அனுமதி கேட்பார். வழக்கு பாதி அங்கேயே சரியும்.

நடந்ததை நடந்தது என்று சொன்ன பிறகுதான் மன்னிப்பதற்கு ஏதாவது இருக்கும். 1999-ல் ஒடிசாவின் மனோகர்பூரில் மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு மகன்களையும் வண்டிக்குள் எரித்துக் கொன்றார்கள். மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னித்தார். வழக்கும் நடந்தது, 2011-ல் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஒருவர் எத்தனை பேருக்காக மன்னிக்கலாம்? 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து ராஜீவ் காந்தியோடு காவலர்களும் தொண்டர்களும் இறந்தார்கள். அந்த வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற நளினிக்காக ராஜீவின் மனைவி சோனியா காந்தி கருணை கேட்டார். 2000-ல் தூக்கு ஆயுளாயிற்று. அந்தக் கருணையை வணங்குகிறேன். அதே குண்டில் உறவுகளை இழந்த வேறு சிலர், குற்றவாளிகளை விடுவிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அவர்களையும் குறைத்துப் பேச மாட்டேன். அவரவர் காயத்தை அவரவர்தான் மன்னிக்க முடியும்.

அதனாலேயே தண்டனையின் அளவைப் பாதிக்கப்பட்டவர் கையில் தரக் கூடாது என்கிறேன். இளகிய மனம் உள்ள வீட்டில் கொன்றவனுக்கு ஒரு தண்டனை, ஆறாத வீட்டில் கொன்றவனுக்கு வேறொன்று என்றால் அது நீதியாகாது. அதற்காக அவர் வாயை அடைக்கவும் கூடாது. விசாரணை முதல் மேல்முறையீடு வரை ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் பேச்சைக் கேட்க வேண்டும் என்று 2022-ல் லக்கீம்பூர் கேரி ஜாமீன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

என்னிடம் வரும் தாய்மாரிடம் இதையே சொல்கிறேன்: மன்னிப்பது உங்களுக்கும் ஆண்டவருக்கும் இடையில் உள்ள காரியம், அதை யாரும் அவசரப்படுத்த விடாதீர்கள். கூண்டில் கேட்கப்போவது நீங்கள் கண்டதை. அதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.